கொல்லைப்புறத்தில் பேவர் கல் முற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டின் பின்புறத்திலோ பக்கவாட்டிலோ சும்மா கிடக்கும் மண் தரையில் பேவர் கல் (சிமென்டில் வார்த்த சிறு தளக்கல்) பதித்து, மாலையில் நாற்காலி போட்டு உட்காரும்படி ஒரு திறந்த முற்றம் அமைக்க விரும்புவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. கணக்குகள் அனைத்துக்கும் 15 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்ட, அதாவது 180 சதுர அடி அளவுள்ள ஒரு முற்றம் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது. கல்லைப் பற்றிய பேச்சு பிந்தி வருவதைக் கண்டு வியக்க வேண்டாம். வேலையிலும் கல் கடைசியில்தான் வருகிறது.

பேவர் கல் தளத்துக்கும் சாதாரண சிமென்ட் தளத்துக்கும் என்ன வேறுபாடு?

சிமென்ட் தளம் ஒரே பலகை போன்றது. அதன் அடியில் மண் ஓரிடத்தில் இறங்கினால், பலகை வளைய முடியாமல் வெடிக்கிறது. வெடித்ததை ஒட்டுப்போடலாமே தவிர, முன்போல் ஆக்க முடியாது. பேவர் தளமோ நூற்றுக்கணக்கான சிறு கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்பதால் உருவாவது. கற்களின் இடுக்கில் இறுகியிருக்கும் மணல், ஒரு கல்லின் மேல் விழும் பாரத்தைப் பக்கத்துக் கற்களுக்கும் பகிர்ந்து கொடுக்கிறது. அடியில் மண் சிறிது அசைந்தாலும் தளம் அதனோடு இசைந்து கொடுக்கும். அதிகமாக இறங்கினால் அந்த இடத்துக் கற்களை மட்டும் எடுத்துச் சரிசெய்து, அதே கற்களைத் திரும்பப் பதிக்கலாம். இந்த இசைவு கெடும்படி நடுவில் எங்கும் சிமென்ட் சேர்க்கக் கூடாது என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ள வேண்டும். பின்வரும் விடைகளில் பாதி இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவை.

இடத்தையும் அளவையும் எப்படி முடிவு செய்வது?

நான்கு நாற்காலியும் ஒரு சிறு மேசையும் போட்டு, நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து எழவும் இடம் வேண்டுமென்றால் 10 அடிக்கு 10 அடி குறைந்தபட்ச அளவு. தாளில் வரைவதை விட, நினைத்த அளவுக்குத் தரையில் கோலமாவால் கோடு இழுத்து, உள்ள நாற்காலிகளையே அதற்குள் போட்டு இரண்டு மூன்று மாலைகள் உட்கார்ந்து பார்ப்பது நல்லது. மேற்கு வெயில் எந்த மணி வரை அடிக்கிறது, துணிக்கொடி குறுக்கே வருகிறதா, அடுத்த வீட்டுச் சன்னல் நேரே இருக்கிறதா என்பவை அப்போது தானே தெரிந்துவிடும்.

கழிவுநீர்த் தொட்டி, நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்ச் சோதனைக் குழிகள் ஆகியவற்றின் மூடிகள் எங்கே உள்ளன என்று முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். அவற்றின் மேல் கல் பதித்து மறைப்பது பிற்காலத்தில் பெருந்தொல்லை. மூடியின் சட்டத்தைத் தளத்தின் மட்டத்துக்கு உயர்த்திக்கொள்வதே முறை. மரம் இருந்தால் அடிமரத்தைச் சுற்றி மூன்று அடியாவது மண்ணாகவே விட வேண்டும். வேம்பு போன்றவற்றின் வேர் பருத்துக் கற்களைத் தூக்கும். தென்னையின் வேர் அப்படிப் பருக்காது என்றாலும், தண்ணீரும் எருவும் இட அதற்கும் பாத்தி தேவை.

வாசற்புறத்தில் பதிப்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பேவர் கல்லின் இடுக்குகள் மேல் கோலம் சரியாக விழாது. இழை ஒவ்வோர் இடுக்கிலும் அறுபடும். ஆகவே வாசற்படிக்கு நேரே நான்கடிச் சதுரத்துக்குச் சொரசொரப்பான கருங்கல் பலகை ஒன்றைப் பதித்து, அதைச் சுற்றிப் பேவர் கல்லை அமைப்பது அழகாகவும் இருக்கும், அன்றாடம் கோலம் போடுபவருக்கு ஆறுதலாகவும் இருக்கும். வீடு கட்டும்போது இதைப் பற்றிக் கோலம் போடுபவரிடம் ஒருவரும் கேட்பதில்லை.

மட்டமும் வாட்டமும் எப்படி வைக்க வேண்டும்?

இதுவே முழு வேலையிலும் முதன்மையான முடிவு. தளத்தின் மேல்மட்டம் வீட்டின் தரைமட்டத்தை விட அரை அடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். படி ஏற வேண்டாமே என்று தளத்தை வாசல் மட்டத்துக்கு உயர்த்தினால், மழைத்தண்ணீர் சுவரில் ஈரம்காப்புப் பூச்சுக்கு மேலே ஏறி, உள்சுவரில் சுண்ணாம்பு உரியத் தொடங்கும்.

வாட்டம் வீட்டிலிருந்து வெளிப்புறம் நோக்கி, 10 அடிக்கு 2 அங்குலம் இருக்கலாம். நம் எடுத்துக்காட்டில் வீட்டுச் சுவரிலிருந்து 12 அடி தள்ளியுள்ள ஓரம், சுவரோரத்தை விட ஏறத்தாழ இரண்டரை அங்குலம் தாழ்ந்திருக்கும். கண்ணுக்கு இந்தச் சரிவு தெரியாது. மேசை மேல் வைத்த தம்ளரும் சாயாது. ஆனால் தண்ணீர் நிற்காது. சிலர் அங்குலம் கூட வாட்டமின்றித் தளத்தைப் பளிங்குபோல் மட்டமாக வைக்கச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் முதல் மழையிலேயே குட்டைகளும் அடுத்த மாதமே பாசியும் வரும்.

நீண்ட தூரத்துக்கு மட்டம் பார்க்க, தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் போதும். ரசமட்டம் குறுகிய இடத்துக்கே பொருந்தும். 12 அடிக்கு அதை நம்பினால் பிழை சேர்ந்துகொண்டே போகும். மூலை சரியான செங்கோணமா என்று பார்க்க, ஒரு பக்கம் 3 அடியும் மறுபக்கம் 4 அடியும் குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று அளந்தால் போதும். பெரிய இடத்துக்கு 6, 8, 10 என்று இரட்டித்துக்கொள்ளலாம்.

ஓடும் தண்ணீர் எங்கே போக வேண்டும்?

180 சதுர அடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 800 லிட்டருக்கும் மேல் தண்ணீர் சேரும். வடகிழக்குப் பருவமழையின் ஒரு கனமழைக்கு இது சாதாரணம். கற்களின் இடுக்கு வழியே இதில் ஒரு பகுதி இறங்கும். மீதி வாட்டத்தின் வழியே ஓடும். அதைத் தெருவுக்கோ பக்கத்து மனைக்கோ தள்ளாமல், தாழ்ந்த ஓரத்தில் ஒரு செடிப்பாத்திக்கோ உறிஞ்சு குழிக்கோ திருப்ப வேண்டும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் 2003-இல் கட்டாயமாக்கப்பட்டதால், பெரும்பாலான வீடுகளில் ஒரு குழி ஏற்கெனவே இருக்கும். பல வீடுகளில் அது எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோயிருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடித்துத் தூர் எடுக்க இதுவே நல்ல தருணம். இல்லையென்றால், ஒரு மீட்டர் நீள அகலத்திலும் ஒன்றரை மீட்டர் ஆழத்திலும் தோண்டி உடைகல் நிரப்பிய குழி ஒன்று போதும். அதைச் சுவரிலிருந்து தள்ளியே தோண்ட வேண்டும்.

எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும்?

கல் 60 மில்லிமீட்டர், அதன் அடியில் மணல் 30 மில்லிமீட்டர், அதற்கும் அடியில் ஜல்லி அடித்தளம் 100 மில்லிமீட்டர். மொத்தம் 190 மில்லிமீட்டர், அதாவது ஏழரை அங்குலம். மனிதர்கள் மட்டும் நடமாடும் முற்றத்துக்குச் செம்மண் நிலத்திலும் மணற்பாங்கான நிலத்திலும் இது போதுமானது. கார் ஏறும் இடமானால் ஜல்லியை 6 முதல் 8 அங்குலமாக்க வேண்டும்.

கரிசல் மண்ணில் இந்தக் கணக்கு செல்லாது. கோவில்பட்டி, அருப்புக்கோட்டைப் பகுதிகளில் வீடு கட்டியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும் அந்த மண், மழையில் உப்பி எழுந்து மேலே உள்ள எதையும் தூக்கும். அங்கே கூடுதலாக ஓர் அடியாவது தோண்டி, கரிசலை அகற்றிவிட்டு, கிராவல் மண்ணை அடுக்கடுக்காக இட்டுக் கெட்டிப்படுத்தி, அதன் மேல்தான் ஜல்லி போட வேண்டும். கரிசலுக்கும் கிராவலுக்கும் இடையே ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்தால், மேலே போட்டது கீழே உள்ள சேற்றில் புதையாது. காவிரிப் படுகையின் களிமண்ணுக்கும் இந்தத் துணி பயன்படும்.

அடித்தளத்துக்கு என்ன போடலாம்? திமிசு அடித்தால் போதாதா?

பெருஜல்லி, சிறுஜல்லி, கிரஷர் தூசி மூன்றும் அளவாகக் கலந்த வெட் மிக்ஸ் கிடைக்குமானால் அதுவே சிறந்தது. பெரிய கற்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தைச் சிறியவையும், சிறியவற்றின் இடைவெளியைத் தூசியும் நிரப்புவதால் அது பாறைபோல் இறுகும். வெறும் 40 மில்லிமீட்டர் ஜல்லி மட்டும் போட்டால், மேலே இடும் மணல் நாளடைவில் அதன் இடைவெளிகளுக்குள் இறங்கிவிடும். வீடு இடித்த செங்கல், சிமென்ட் கட்டிகளைப் போட்டு நிரப்புவதும் வழக்கத்தில் உள்ளது. காசு மிச்சமாகும் என்பதைத் தவிர அதற்குச் சொல்ல நல்ல சொல் இல்லை.

திமிசுக்கட்டையால் அடிப்பது மூலைகளுக்குச் சரி. முழு இடத்துக்கும் அதிர்வுத் தகடு கொண்ட காம்பேக்டர் இயந்திரம் வாடகைக்கு எடுக்க வேண்டும். முழு உயரத்தையும் ஒரே தடவையில் கொட்டி மேலே ஓட்டினால் மேல் மூன்று அங்குலம் இறுகும், அடி தளர்ந்தே இருக்கும். ஆகவே மூன்று நான்கு அங்குல அடுக்காக இட்டு, ஒவ்வோர் அடுக்கையும் நனைத்து இறுக்க வேண்டும். கலவையைக் கைப்பிடியில் எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது; அந்த ஈரமே சரியானது. தோண்டிய குழியின் அடிமண்ணையும் ஜல்லி போடுமுன் ஒருமுறை இறுக்கிவிட வேண்டும்.

வீட்டுச் சுவரை ஒட்டிய மூன்றடி அகலத்தில் இரட்டிப்புக் கவனம் தேவை. அங்கே அஸ்திவாரத்துக்காகத் தோண்டிய குழியைத் திரும்ப நிரப்பிய தளர்மண் இருக்கும். என் வீட்டு முற்றம் முதல் மழைக்கே இறங்கியது சரியாக அந்தப் பட்டையில்தான். வேலை எடுத்தவர் அடிமண்ணைப் பார்க்காமலே ஜல்லி கொட்டினார். மேற்பார்வை என்ற பெயரில் நான் கல்லின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்லுக்கு அடியில் சிமென்ட் கலவை போட்டால் இன்னும் உறுதியாக இருக்காதா?

இருக்காது. மணலில் சிமென்ட் கலந்து அதன் மேல் கல் வைப்பது நம் கொத்தனார்களிடம் பரவலாக உள்ள பழக்கம்; டைல்ஸ் வேலையிலிருந்து வந்த பழக்கம் அது. மெல்லிய கலவை அடியில் வெடித்து, கல் அதிலிருந்து விடுபட்டு, மிதித்தால் டக் டக்கென்று ஆடும். தண்ணீரும் இறங்க வழியின்றி அடியில் தேங்கும். இடுக்குகளைச் சிமென்டால் பூசினாலும் ஒரு கோடை, ஒரு மழை கடந்ததும் பூச்சு பெயர்ந்து வரும்.

அடியில் இட வேண்டியது கழுவிய, சொரசொரப்பான எம்-சாண்ட், அதாவது பாறையை உடைத்துத் தயாரித்த மணல். பூச்சு வேலைக்கான பி-சாண்ட் மிகவும் நைஸானது. கிரஷர் தூசியும் மலிவு என்பதற்காக இங்கே வேண்டாம். அதிலுள்ள மாவு போன்ற நுண்தூள் தண்ணீரைப் பிடித்துவைத்துச் சேறாகி, இடுக்கு வழியே பிதுங்கும். மணல் எங்கும் ஒரே கனத்தில் இருக்க வேண்டும். அடித்தளத்தின் மேடுபள்ளத்தை மணலால் சரிக்கட்டினால், மணல் அதிகமுள்ள இடம் அதிகமாக இறங்கி, மறைத்த பள்ளம் ஆறு மாதத்தில் மேலே தெரியும்.

எந்தக் கல்லை, எந்தத் தடிமனில் வாங்குவது?

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 15658 என்னும் வரையறை, வாகனம் செல்லாத இடத்துக்கு 50 மில்லிமீட்டர் தடிமனும் எம்-30 (கான்கிரீட்டின் வலிமைத் தரம்) வலிமையும், இலகுவான போக்குவரத்துக்கு 60 மில்லிமீட்டரும் எம்-35 வலிமையும், நடுத்தரப் போக்குவரத்துக்கு 80 மில்லிமீட்டரும் எம்-40 வலிமையும் பரிந்துரைக்கிறது. உட்காரும் முற்றத்துக்கு 50 போதும் என்றாலும், விலையில் உள்ள சிறு வேறுபாட்டுக்காக 60-ஐ விட்டுவிட வேண்டாம். தண்ணீர் லாரியோ கழிவுநீர் லாரியோ ஏற நேருமானால் 80 வேண்டும்.

சந்தையில் இரண்டு வகை உண்டு. ரப்பர் மோல்டில் ஊற்றி எடுத்த கல்லின் முகம் கண்ணாடிபோல் மின்னும். கடையில் எல்லோரும் முதலில் கை வைப்பது அதன் மேல்தான். நனைந்தால் வழுக்கும் அதே முகம், முதியவர்கள் நடமாடும் வீட்டுக்கு ஏற்றதன்று. இயந்திரத்தில் அழுத்தி, அதிர்வித்து எடுத்த கல் சொரசொரப்பாக, சற்று எளிய தோற்றத்துடன் இருக்கும். அளவு துல்லியமாக இருப்பதால் இடுக்குகள் ஒரே சீராக வரும். என் தேர்வு இரண்டாவது வகையே. வாங்குமுன் இரண்டு கற்களை ஒன்றோடொன்று தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்ற ஓசை வர வேண்டும். ஒன்றை உடைத்துப் பார்க்கக் கேட்பதிலும் தவறில்லை: நிறம் மேலே பூசியது போல் மெல்லியதாக இல்லாமல் சில மில்லிமீட்டர் ஆழமாவது இறங்கியிருக்க வேண்டும். வார்த்த 28 நாள்களுக்குப் பிறகே சிமென்ட் கல் முழு வலிமையை நெருங்குவதால், நேற்று வார்த்ததை இன்று ஏற்றிவிடுகிறார்களா என்றும் விசாரிக்க வேண்டும்.

எந்த அடுக்குமுறை நல்லது?

கார் நிற்கும் இடத்துக்கு, மீன்முள் போலக் கற்கள் மாறி மாறிச் சாய்ந்து பின்னும் ஹெர்ரிங்போன் முறை. சக்கரம் திரும்பும்போது கற்களை எந்தத் திசையிலும் நகரவிடாமல் அது பிடித்துக்கொள்ளும். வெறும் முற்றத்துக்குக் கண்ணுக்குப் பிடித்த எதுவும் ஆகும்.

எவ்வளவு பொருள் வாங்க வேண்டும்?

20 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட செவ்வகக் கல் ஒரு சதுர மீட்டருக்கு 50 ஆகும். 180 சதுர அடி என்பது 16.7 சதுர மீட்டர். ஆகவே 836 கற்கள். வெட்டுச் சேதாரத்துக்கு 5 விழுக்காடு சேர்த்து 880 வாங்கலாம். மூலைவிட்டமாகப் பதிப்பதானால் 10 விழுக்காடு சேர்த்து 920. மிஞ்சுவதில் இருபது முப்பது கற்களை எடுத்து வைப்பது அவசியம், ஏனெனில் அடுத்த ஆண்டு அதே நிறம் கிடைக்காது.

ஜல்லிக் கலவை இறுகிய நிலையில் 60 கன அடி. தளர்வாக வாங்கும்போது ஏறத்தாழ 80 கன அடி, அதாவது 100 கன அடி கொண்ட ஒரு யூனிட்டுக்கும் குறைவு. எம்-சாண்ட் அடிப்படுகைக்கு 25 கன அடி. இடுக்குக்கான நைஸ் மணல் சில கன அடி. தோண்டிய மண் குழியில் 112 கன அடி என்றாலும், வெளியே வந்ததும் உப்பி 140 கன அடியாகும். அதை எங்கே கொட்டுவது என்பதற்கு முதல் நாளே விடை வேண்டும்.

விலை பேசும்போது சதுர அடிக் கணக்கில் ஜல்லியும் இறுக்கும் வேலையும் சேர்ந்திருக்கின்றனவா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மிகக் குறைந்த விலை சொல்பவர் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அந்த இரண்டையும் விட்டுவிட்டே சொல்கிறார்.

கல்லைப் பதிக்கும் முறை என்ன?

முதலில் ஓரம். வாட்டத்தின் தாழ்ந்த பக்கமும் இரு பக்கங்களும் கெர்ப் கல் (ஓரத்தைத் தாங்கும் கல்) நட்டு, அதன் வெளிப்புற அடியில் கான்கிரீட் அணைக்க வேண்டும். இந்தத் தளத்தில் சிமென்டுக்கு இடமுள்ளது இங்கே மட்டும்தான். ஓரம் பிடித்து நிற்காவிட்டால் கற்கள் மெல்ல மெல்ல வெளியே நகர்ந்து, இடுக்குகள் விரிந்து, தளம் அவிழ்ந்துவிடும். பின்னாளில் விளக்குக்கோ சொட்டுநீருக்கோ தேவைப்படுமென்று, அடித்தளத்துக்குக் கீழே குறுக்காக ஒரு பி.வி.சி. குழாயை இரு முனையும் மூடிப் புதைத்து வைப்பது சிறு செலவில் பெரிய வசதி.

பிறகு, இரண்டு நேரான பைப்புகளை வாட்டத்துக்கு ஏற்ப வைத்து, நடுவே எம்-சாண்டைப் பரப்பி, பைப்புகளின் மேல் ஒரு நேர்க்கட்டையை இழுத்துச் சமன்செய்ய வேண்டும். பைப்பை எடுத்த தடத்தையும் மணலால் நிரப்ப வேண்டும். சமன்செய்த மணலை மிதிக்கக் கூடாது. பதித்த கற்களின் மேல் நின்றுகொண்டே முன்னேறிச் செல்ல வேண்டும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் இடுக்கு விட்டு, நான்கைந்து வரிசைக்கு ஒருமுறை நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். ஓரத்துக்கான துண்டுகளைக் கட்டர் இயந்திரத்தில் வெட்டும்போது கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல்.

முழுவதும் பதித்த பின், கல்லின் முகம் சிதையாதபடி காம்பேக்டரின் அடியில் ரப்பர் விரிப்பு கட்டி இரண்டு முறை ஓட்ட வேண்டும். கற்கள் சில மில்லிமீட்டர் இறங்கி மட்டமாகும். அதன் மேல் நன்றாகக் காய்ந்த நைஸ் மணலைக் கொட்டி, துடைப்பத்தால் இடுக்குகளில் தள்ளி, மீண்டும் இயந்திரம் ஓட்டி, மீண்டும் மணல் தள்ள வேண்டும். பி-சாண்ட் இதற்கு ஏற்றது. ஈர மணல் இடுக்கின் வாயிலேயே அடைத்துக்கொள்ளும் என்பதால், வெயிலில் உலர்த்தாமல் தொடக் கூடாது. ஒரு வாரம் கழித்து இடுக்குகளில் மணல் இறங்கியிருக்கும்; இன்னொரு முறை நிரப்ப வேண்டும். இந்தக் கடைசித் தடவைக்கு வேலையாள்கள் திரும்பி வருவது அரிது. அதை வீட்டுக்காரரே செய்துகொள்ளலாம்.

வெயிலில் தளம் கொதிக்காதா?

கொதிக்கும். கறுப்பும் அடர்சிவப்பும் மே மாத மதியத்தில் வெறுங்காலால் மிதிக்க முடியாத அளவுக்குச் சுடும்; வெளிர்சாம்பலும் வெளிர்மஞ்சளும் குறைவாகச் சுடும். நிழல்தான் உண்மையான தீர்வு. மேற்குப் பக்கம் ஒரு புங்கமரமோ, பந்தலில் ஏற்றிய முல்லையோ கல்லின் நிறத்தை விட அதிகம் உதவும்.

வெள்ளைப் படிவு, புல், எறும்பு ஆகியவற்றுக்கு என்ன செய்வது?

புதுக் கல்லில் தோன்றும் வெள்ளைப் பூப்பு, சிமென்டிலுள்ள சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே வந்து காற்றிலுள்ள கரியமில வாயுவுடன் சேர்ந்து படிவது. கல் கெட்டுப்போனதற்கு அடையாளம் அன்று. சில மாத மழையிலும் தேய்ப்பிலும் குறைந்துவிடும். ஆசிட் ஊற்றினால் படிவோடு கல்லின் முகமும் அரிக்கப்படும்.

இடுக்கில் முளைக்கும் புல் பெரும்பாலும் மேலே விழுந்த தூசியில் விதை முளைத்து வருவது. வாரம் ஒருமுறை பெருக்கினாலே பாதி குறையும். கோரை வேறு கதை. அது அடியிலுள்ள கிழங்கிலிருந்து வருவதால், தோண்டும்போதே கிழங்கோடு பொறுக்கி எடுக்காவிட்டால் பிறகு கற்களுக்கிடையே ஆண்டுக்கணக்கில் எட்டிப் பார்க்கும். எறும்பு இடுக்கு மணலை வெளியே கொண்டுவந்து குவித்தால், கூட்டி மீண்டும் நிரப்புவதோடு விட்டுவிடலாம். பாசிக்குக் கெட்டித் தென்னந்துடைப்பமும் வெயிலும் போதும்.

ஓரிடம் தாழ்ந்துவிட்டால் எப்படிச் சரிசெய்வது?

இரண்டு தட்டையான திருப்புளிகளை இடுக்கில் செருகி முதல் கல்லை நெம்பி எடுப்பதுதான் கடினம். மற்றவை கையோடு வரும். தாழ்ந்த இடத்தைச் சுற்றி ஓரடி கூடுதலாகவே எடுக்க வேண்டும். மணலை அள்ளிவிட்டு அடித்தளத்தைப் பார்த்தால் காரணம் தெரியும்: கசியும் குழாய், பெருச்சாளி வளை, அல்லது இறுக்காத மண். காரணத்தை விட்டுவிட்டு மணலை மட்டும் கூட்டினால் அடுத்த மழைக்கு அதே பள்ளம் வரும். குழாயைச் சரிசெய்து, வளையை அடைத்து, ஜல்லிக் கலவை இட்டுத் திமிசால் இறுக்கி, மணல் பரப்பி, கற்களைச் சுற்றுமட்டத்தை விடச் சில மில்லிமீட்டர் உயர்த்தி வைத்து, மேலே பலகை போட்டுச் சுத்தியலால் தட்டி இறக்க வேண்டும். ஆறடிச் சதுரத்துக்கு இது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. எடுத்த கற்களின் பக்கவாட்டில் ஒட்டிய மணலைத் தேய்த்துவிட்டு வைத்தால்தான் கடைசிக் கல் தன் இடத்தில் நுழையும்.